அமுக்குணி

எமல்டா புளியந்தோப்பில் வீடு வாங்கிவிட்டாள்.
பத்திரம் பதிந்து நாற்பது நாள் ஆகிறதாம்.
எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.
அதுவும் அவள் சொல்லி இல்லை,
தண்ணீர் கேன் போடுகிற பையன் சொல்லி.

"அடி அமுக்குணி" என்றாள் மோகனா,
டிபன் டப்பா மூடியால் மேசையைத் தட்டி.
சபியா சொன்னாள். நானும் சொன்னேன்.
எனக்குக் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.
எமல்டா ஊறுகாயை எங்கள் பக்கம் நகர்த்தினாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
ஸ்டெபிலைசருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிறோம்.
ஒரு காயிலுக்கு நானூற்று இருபது சுற்று.
அவள் மெஷினில் கவுண்டர் ஓடாது,
வாய்க்குள்ளேயே எண்ணுவாள்,
அதனால்தான் பேசுவதில்லை என்று
முதல் வருஷம் முழுக்க நினைத்திருந்தோம்.
பிறகு புதுக் கவுண்டர் வந்தது.
அப்போதும் பேசவில்லை.

சூப்பர்வைசர் தாமோதரன் பேசமாட்டார்,
அவரை நிதானமானவர் என்போம்.
முதலாளி பேசமாட்டார், பெரிய மனுஷன்.
மோகனாவின் மருமகன் சாது,
கடன்காரர்கள் வாசலுக்கு வரும் வரை சாது.
பேக்கிங்கில் எல்லோரிடமும் திட்டு வாங்குகிற
அந்த ஒல்லிப் பையன் வாயில்லாப் பூச்சி.

அமுக்குணி அப்படிச் சும்மா கிடைக்கிற பட்டம் இல்லை.
உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.
வீடோ, சீட்டுப் பணமோ, ஒரு ஆளோ.
இருப்பது நமக்குத் தெரியவும் வேண்டும்,
தாமதமாக,
வேறு யாரோ சொல்லி.

அமுக்கு, சரி. அந்த "ணி" என்ன?
அமுக்கி அமுக்கி உண்கிறவளா?
மாட்டுக் காதுக்குள் ஒட்டிக்கொண்டு
சத்தமில்லாமல் பெருக்கிற உண்ணியா?
மதியம் முழுக்கக் கம்பியோடு சேர்த்து
அதையும் சுற்றிக்கொண்டிருந்தேன்.
இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை போனது,
பிரித்து மறுபடி.

போன ஐப்பசியில் ஒரு நாள்
வில்லிவாக்கத்தில் ரயில் நின்றுவிட்டது.
தண்டவாளம் தெரியாத மழை.
பெண்கள் பெட்டியில் விளக்கும் போனது.
எதிரில் எமல்டா, மடியில் ஈரக் குடை.
அன்றைக்கு அவளிடம் ஒன்று சொன்னேன்.
என் அக்காளிடம் சொல்லாதது.
என்ன என்பது இங்கே வேண்டாம்.
சொல்லி முடித்ததும்
"ஜன்னலை இறக்கட்டுமா, நனையிறீங்க" என்றாள்.
அவ்வளவுதான்.

அடுத்த வாரம் முழுவதும்
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கேண்டீனில் யாராவது சிரித்தால்
வயிறு கலங்கும்.
பதினோரு மாசம்.
அந்த வார்த்தை எந்த வாய் வழியாகவும்
என்னிடம் திரும்பி வரவில்லை.
அவள் வாய் வழியாகக்கூட.
ஒரு நாளாவது "அது என்னாச்சு" என்று
கேட்டிருக்கலாம் என்று
எனக்குச் சில சமயம் கோபம்கூட வந்திருக்கிறது.

நாங்கள் வைகிறது அவள் வாயை இல்லை போல.
நம்மிடம் சொல்லவில்லையே என்று
நமக்குள் குத்துகிற ஒன்றை
எடுத்து அவள் மேல் ஒட்டுகிறோம்.
இது மதியம் எனக்குத் தோன்றவில்லை.
மதியம் என் குரல்தான் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் பட்டரைவாக்கம் ஸ்டேஷன்.
வியாசர்பாடி ஜீவாவில் எமல்டா இறங்கினாள்,
தலையை மட்டும் அசைத்துவிட்டு.
வண்டி கிளம்பியதும் சபியா நெருங்கி உட்கார்ந்தாள்.
"நீ அவளோட தினமும் போறவ.
எவ்வளவுக்கு வாங்கினாளாம்? யார் குடுத்த பணம்?"

தெரியாது என்றேன்.
சத்தியமாகத் தெரியாது.

சபியா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
பேசின் பிரிட்ஜ் வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.
பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டியபடி,
"நீயும் அமுக்குணிதாண்டி" என்றாள்.